முதல் இரவைக் காப்பாற்று, தங்கச்சி!

"காம்பிங் போகப்போறம்" என்று அம்மாவிடம் முதன்முதலில் சொன்னபோது, அவ தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு என்னை ஒருமாதிரிப் பார்த்தா. "காம்ப் வேண்டாமெண்டுதானே பிளேன் ஏறி வந்தனாங்கள். இப்ப காசு குடுத்துக் காம்புக்குப் போறியளோ?"

எங்கள் வீட்டில் காம்ப் என்றால் ஆமிக் காம்ப், இல்லாவிட்டால் அகதி முகாம். ஏரிக்கரையில் கூடாரம் அடித்து, நெருப்பு மூட்டி, பிள்ளைகளோடு சிரித்துக் கதைக்கிற காம்ப் ஒன்றும் இருக்கிறது என்று அவவை நம்பவைக்க எனக்கு இரண்டு சமர் எடுத்தது. அதில் முதலாவதைக் கெடுத்தது நான்தான்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, ஸ்காபரோவில் சாமான் ஏற்றி, ட்ரஃபிக்கில் நின்று, பூங்கா வாசலுக்குப் போய்ச் சேர இரவு ஒன்பதரை. கூடாரம் கடையில் வாங்கின பெட்டியில் அப்படியே இருந்தது. கார் லைற் வெளிச்சத்தில் தடிகளை எண்ணினோம். ஒன்று கூடுதலாக இருந்தது. அது எதற்கு என்று இன்றுவரை தெரியாது. பிள்ளைகள் சிப்ஸ் தின்றுவிட்டு அழுதுகொண்டே படுத்தார்கள். விடியப்புறம் மூன்று மணிக்கு எல்லோருக்கும் முதுகு விறைத்தது. சூரியன் வந்ததும் மூட்டை கட்டி வீட்டுக்கு வந்துவிட்டோம். ஏரியை நான் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சமரும் போய் வருகிறோம். இத்தனை வருஷத்தில் நான் கண்டது இதுதான்: முதல் இரவு நல்லபடி நித்திரை கொண்டால் மிச்ச நாட்கள் தாமாகவே நடக்கும். அந்த ஒரு இரவு பிழைத்தால் நீ எத்தனை கலர் கலராகச் சாமான் வாங்கியிருந்தாலும் பிரயோசனமில்லை. நான் சொல்லப்போகிறதில் அரைவாசி அந்த ஒரு இரவைப் பற்றித்தான்.

எங்கே, எப்போது

முதல் பயணத்துக்கு அல்கோங்குவின் வேண்டாம். 1893இல் தொடங்கின பழைய பூங்கா, அழகான காடு, எல்லாம் சரி. ஆனால் ரொறன்ரோவிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேலே ஓட வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் திரும்பி வருகிற தூரமா அது? கிட்டத்தில் ஒன்றைப் பார்.

எனக்குப் பிடித்தது பால்சம் லேக். மார்க்கம் ரோட்டில் நீ இடியப்பம் வாங்குகிற கடை தெரியும்தானே? அதே ரோட்டில் வடக்கே போய்க்கொண்டிருந்தால் அது நெடுஞ்சாலை 48 ஆகிவிடும். அந்த 48 தான் பால்சம் லேக் பூங்கா வாசலுக்கும் போகிறது. இரண்டு மணி நேரம் வரும். மணல் கரை, நீர் ஆழம் குறைந்து தொடங்குகிற இடம். மழை பெய்து பிள்ளைகள் சலித்துப்போனால் பக்கத்தில் கேர்க்ஃபீல்டில் படகைத் தொட்டியோடு தூக்கி இறக்குகிற லிஃப்ட் லொக் இருக்கிறது. 1907இல் திறந்தது. ஒரு தொட்டி ஏற மற்றது இறங்கும். என் மகன் அதை ஒன்றரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

கடல் மாதிரித் தோற்றம் வேண்டுமென்றால் சான்ட்பாங்ஸ். ஒன்ராறியோ ஏரிக்கரை, பெரிய மணல்மேடுகள். அங்கே அவுட்லெட் பீச் தான் சின்னப் பிள்ளைகளுக்குத் தோதானது, வெகுதூரம் முழங்கால் தண்ணிதான். ஆனால் அங்கே இடம் கிடைப்பது கோயில் தேர் அன்றைக்குக் கார் நிறுத்த இடம் கிடைப்பது போல.

இடம் பதியும் கணக்கைச் சொல்கிறேன், கவனி. ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில், நீ போய் இறங்குகிற நாளுக்கு ஐந்து மாதம் முன்னதாக, காலை 7 மணிக்குப் பதிவு திறக்கும். ஆகஸ்ட் 1க்கு இடம் வேண்டுமானால் மார்ச் 1 காலை 7 மணிக்குக் கணினி முன்னால் இருக்க வேண்டும். பனி கொட்டுகிற காலத்தில் சமரைப் பற்றி யோசிக்க வேண்டும், அதுதான் கனடா. தவறவிட்டால் மனம் தளராதே. பலர் கடைசி இரண்டு கிழமையில் ரத்துச் செய்வார்கள். தினமும் காலையில் ஒருதரம் எட்டிப் பார்.

ஒரு இடத்துக்கு ஆறு பேர்தான் கணக்கு. ஒரே வீட்டுக் குடும்பம் என்றால் விலக்கு உண்டு. சித்தப்பா வீடு, மாமி வீடு, மச்சான் வீடு எல்லாம் "ஒரே ஃபமிலி" என்று வாசலில் நின்று வாதாடாதே. பக்கத்துப் பக்கத்து இடங்களாக இரண்டைப் பதி. வரைபடத்தில் குளியலறைக் கட்டடம் எங்கே என்று பார்த்து, அதிலிருந்து இரண்டு மூன்று இடம் தள்ளி எடு. அம்மா அப்பா கூட வந்தால் இது முக்கியம். கிட்ட இருக்கட்டும் என்று வாசலுக்கு நேரே எடுத்தாயோ, இரவிரவாகக் கதவு அடிக்கிற சத்தமும் லைற்றும்தான்.

மே மாத விக்டோரியா டே நீள்வார இறுதியைத் தொடவே தொடாதே. குளிர், கடிக்கிற கறுப்பு ஈ, பல பூங்காக்களில் மதுத் தடையும் இருக்கும். கடைசியாகச் சொன்னது உன் அவருக்குத்தான் கவலை. ஜூலைக் கடைசி, ஆகஸ்ட் நல்லது. தண்ணியும் சூடாகியிருக்கும். ஆகஸ்ட் 12, 13 இரவுகளில் வானம் தெளிந்திருந்தால் பெர்சியட் எரிகற்கள் விழுவதைப் பார்க்கலாம்.

அந்த இரவு

கூடாரத்தை வீட்டுப் பின்முற்றத்தில் ஒருதரம் அடித்துப் பார். பின்முற்றம் இல்லையென்றால் அப்பார்ட்மென்ற் பக்கத்துப் பார்க்கில் விரி. வெட்கப்படாதே. ஒருதரம் அடித்தவனுக்கு இரண்டாம் தரம் அரை மணி நேர வேலை. பெட்டியில் "ஆறு பேருக்கு" என்று போட்டிருந்தால் நாலு பேருக்கு என்று வாசி. அந்த ஆறு பேரும் மத்திச்சாளை அடுக்கினது போலப் படுப்பார்கள் என்பது கொம்பனியின் நம்பிக்கை.

மத்தியானம் 2 மணிக்கு உள்ளே விடுவார்கள். அந்த நேரத்துக்கு வாசலில் நில். வெள்ளிக்கிழமை ஒருநாள் லீவு எடு, இல்லையென்றால் ஞாயிறு போய்ப் புதன் திரும்பு. இருட்டில் கூடாரம் அடிக்காதே.

காற்றடைத்த மெத்தையை மட்டும் நம்பிப் படுத்ததுதான் எங்கள் முதுகு விறைத்த காரணம். அதற்குள் இருக்கிற காற்றை நிலம் குளிர்த்திக்கொண்டே இருக்கும். பகலில் 28 டிகிரி வெயில் அடித்த இடத்தில் விடியப்புறம் 10 டிகிரிக்கு இறங்கும். எங்கள் ஆக்கள் மேலே மூன்று போர்வை போர்த்துவார்கள், கீழே ஒன்றும் இருக்காது. மாற்றிச் செய். மெத்தைக்கும் உடம்புக்கும் நடுவில் தடித்த கம்பளி ஒன்று, ஃபோம் பாய் இருந்தால் அதுவும். படுக்கப் போகும்போது பகல் முழுக்கப் போட்ட உடுப்பை மாற்று. வேர்வை ஊறின துணிதான் இரவில் குளிரும். ஆளுக்கொரு சோடி காலுறையைத் தலையணைக்குள் வைத்துவிடு. அம்மாவுக்கு மடக்குக் கட்டில் கொண்டுபோ. நிலத்திலிருந்து எழும்புகிற வயது இல்லை அவவுக்கு.

ஆளுக்கொரு நெற்றி லைற். ஃபோன் வெளிச்சம் பற்றாது, பற்றரியும் போய்விடும். அம்மா நெற்றியில் லைற் கட்டிக்கொண்டு கழிப்பறைக்குப் போனதைப் பார்த்து என் மகள் சுரங்கத் தொழிலாளி என்று சிரித்தாள். அடுத்த இரவு கல்லில் தடக்கி விழுந்தது அவள்தான்.

குளிர்கிறது என்று கூடாரத்துக்குள்ளே கரி அடுப்பு, காஸ் அடுப்பு எதையும் கொண்டுபோகாதே. அணைந்துகொண்டிருக்கிற கரியிலும் காபன் மொனொக்சைட் வரும். மணம் இருக்காது, நித்திரையிலேயே ஆளை முடித்துவிடும். இதில் எனக்குப் பகிடி இல்லை.

குசினியைப் பெயர்த்துக்கொண்டு போகாதே

எங்கள் பெண்கள் பிழைவிடுகிற இடம் இது. மூன்று நாளும் அடுப்படியில் நின்றுவிட்டு, ஏரியைப் படத்தில் பார்த்து "நல்லா இருந்தது" என்பார்கள். வெங்காயம் வெட்டப் பூங்காவுக்கு எதற்கு?

முதல் நாள் இரவுக்கு ஒன்றும் சமைக்காதே. வழியில் டேக்-அவுட்டில் மரக்கறி ரொட்டியும் ரோல்ஸும் வாங்கு. ஃபொயிலில் சுற்றி நெருப்புத் தட்டில் பத்து நிமிஷம் வை. இடியப்பம் என்றாலும் முதல் நாளோடு முடித்துவிடு, இரண்டாம் நாள் அது கயிறு.

கறியை வீட்டில் வைத்து, ஆறவிட்டு, ஸிப் பைகளில் தட்டையாகப் பரப்பி ஃப்ரீஸ் பண்ணு. அது கறியாகவும் இருக்கும், கூலருக்கு ஐஸாகவும் இருக்கும். இதில் ஒரு கவனம்: தேங்காய்ப்பால் விட்ட கறி கெதியாகப் பழுதாகும். ஆட்டிறைச்சி என்றாலும் கோழி என்றாலும் பிரட்டலாக வை. முதல் நாள் தின்பது மேலே, கடைசி நாளுக்குரியது அடியில். குடிக்கிற சாமானுக்கு வேறு கூலர். பிள்ளைகள் ஜூஸுக்காக அரை மணிக்கொருதரம் திறக்கிற பெட்டியில் இறைச்சி இருக்கக் கூடாது. கடையில் விற்கிற சின்ன ஐஸ்கட்டி சீக்கிரம் உருகும். இரண்டு லீற்றர் போத்தலில் தண்ணி நிரப்பி உறையவைத்தால் இரண்டு நாள் நிற்கும், உருகினால் குடிக்கலாம்.

காலைக்குப் பாணும் சீனிச் சம்பலும். சீனிச் சம்பலைப் போல காம்பிங்குக்கென்றே பிறந்த சாப்பாடு வேறு இல்லை. ஒரு போத்தல் வதக்கிக் கொண்டுபோ, முட்டை மட்டும் பொரித்தால் போதும்.

சோறு இல்லாமல் இருக்க மாட்டோம் என்கிற குடும்பம் என்றால் மின்சாரம் உள்ள இடமாகப் பதி. கொஞ்சம் கூடுதல் காசுதான். ரைஸ் குக்கரை அதில் தாராளமாகப் போடலாம். வெளியே பாவிக்கிற தடித்த எக்ஸ்டென்ஷன் வயர் கொண்டுபோ. குக்கரும் கேத்திலும் ஒன்றாகப் போட்டால் பிரேக்கர் விழும். பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்கார அம்மா எங்கள் குக்கர் "டிக்" என்று மேலே வந்ததும் எட்டிப் பார்த்துக் கேட்டா, காட்டுக்குள்ளே சோறா என்று. ஒரு கோப்பை கொடுத்தோம். அடுத்த நாள் அவவின் மரக்குற்றியில் பாதி எங்களுக்கு வந்தது.

மரக்குற்றி என்றதும் ஞாபகம் வருகிறது. வீட்டிலிருந்து விறகு கொண்டுபோகாதே. எமரல்ட் ஆஷ் போரர் என்கிற வண்டு 2002இல் வின்ட்சர் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது, ஆஷ் மரங்களைக் கூட்டம் கூட்டமாகத் தின்று முடித்தது. ஆக்கள் காரில் ஏற்றின விறகோடும் அது ஊர் ஊராகப் போனது. பூங்காவிலேயே விறகு விற்கிறார்கள். வெளிக்கிட முதல் அங்கே நெருப்புத் தடை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். மழை இல்லாத சமரில் அடிக்கடி போடுவார்கள்.

மாஷ்மலோ வாங்கும்போது பெட்டியைத் திருப்பி வாசி. ஜெலற்றின் மாட்டிலோ பன்றியிலோ எடுப்பது. அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை மரக்கறி, அவ ஒன்றை வாயில் வைத்த பிறகு நான் பெட்டியை வாசித்தேன். இப்போது வீகன் மாஷ்மலோதான். ஆனால் ஆகஸ்டில் ஒன்ராறியோச் சோளம் வந்துவிட்டால் அதெல்லாம் எதற்கு? தோலோடு அரை மணி நேரம் தண்ணியில் ஊறவிட்டுத் தட்டில் சுடு. தேசிக்காய்ப் பாதியில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தேய்.

விருந்தாளிகள்

ஒரு இரவு இரண்டு மணிக்குக் கூடாரத்துக்கு வெளியே கறுமுறு, கறுமுறு என்று சத்தம். கரடிதான் என்று இவர் என் கையைப் பிடித்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். மெல்ல ஸிப்பைத் திறந்து லைற் அடித்தால், மேசையில் ஒரு ரக்கூன் குந்தியிருந்து, இரண்டு கையாலும் பிடித்து, ஊரிலிருந்து மாமி அனுப்பின பருத்தித்துறை வடையை ஒவ்வொன்றாகக் கடித்துக்கொண்டிருந்தது. லைற்றைப் பார்த்தும் எழும்பவில்லை. இன்னொன்றை எடுத்தது.

அன்று வந்தது ரக்கூன். கரடி உலாவுகிற பூங்காக்களும் உண்டு, அல்கோங்குவின் உட்பட. அதனால் சட்டம் ஒன்றுதான்: படுக்கப் போக முதல் மேசை வெறுமையாக இருக்க வேண்டும். கூலர், குப்பை, எண்ணெய்ப் போத்தல், பற்பசை எல்லாம் காருக்குள், கண்ணாடி மூடி. கூடாரத்துக்குள்ளே ஒரு பிஸ்கட்கூட வேண்டாம். சட்டி கழுவின தண்ணியைப் பற்றைக்குள் ஊற்றாதே. சாப்பாட்டையோ குப்பையையோ வெளியே போட்டுவிட்டுப் போனால் தண்டமும் அடிக்கலாம். இன்னொன்று, என் மாமா கேட்கமாட்டார் என்று தெரிந்தும் எழுதுகிறேன்: கருவாடு வேண்டாம். காட்டில் கருவாடு பொரிப்பது கரடிக்குக் கலியாணக் கடிதம் வைப்பது மாதிரி.

நுளம்புக்கு: ஐகாரிடின் 20 வீதம் வரை உள்ள ஸ்பிரே ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் பூசலாம். டீட் என்றால் 12 வயது வரை 10 வீதத்துக்கு மேலே வேண்டாம். கை விரல்களில் பூசாதே, பிள்ளைகள் வாயில் வைப்பார்கள். உண்ணிதான் எனக்கு நுளம்பைவிடப் பயம், லைம் நோயைக் கொண்டுவரும். பின்னேரம் குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், தலைமயிர் வரை தடவிப் பார். இருந்தால் நுனி கூரான சாமணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழு. 24 மணிக்குள் எடுத்துவிட்டால் ஆபத்து நன்றாகக் குறையும். மூன்று மூன்று இலையாக, நடு இலைக்கு மட்டும் காம்பு நீண்ட செடி கண்டால் விலகிப் போ. பொய்சன் ஐவி, சொறிந்து சொறிந்து ஒரு கிழமை போகும்.

தண்ணி

இந்தப் பூங்காக்களின் கரைகளில் உயிர்காப்பாளர் இல்லை. பலகையில் எழுதியிருக்கும், யாரும் வாசிப்பதில்லை. எங்களில் பலருக்கு நீந்தத் தெரியாது. ஊரில் கிணற்றில் வாளியால் அள்ளிக் குளித்தவர்கள்தானே? காற்றடைத்த பொம்மைப் படகை நம்பாதே. மற்றத் தங்கச்சியின் மகன் காற்றடைத்த குதிரை ஒன்றில் ஏறி இருந்தான். கரையிலிருந்து ஏரிப்பக்கம் காற்று. நான் சோளத்தைத் திருப்பிப் போட்டுவிட்டு நிமிர்வதற்குள் அவன் மிதவைக் கயிற்றுக்கு அங்கால். பக்கத்தில் கயாக்கில் வந்த ஒரு பெடியன் இழுத்து வந்தான். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒரு முறை: அரை மணிக்கு ஒரு பெரிய ஆள் "காவல்". காவல் நேரத்தில் ஃபோன் இல்லை, சோளம் இல்லை, கதை இல்லை. சின்னது கைக்கெட்டின தூரத்தில். உயிர்காப்பு அங்கி சொந்தமாக வாங்கு, அளவாக வாங்கு. இல்லையென்றால் வாசலில் கேள், பல பூங்காக்களில் இரவலாகத் தருகிறார்கள்.

மழையும் அம்மாவும்

இரண்டாவது சமர், இரண்டாம் நாள் பின்னேரம் மழை. நாங்கள் தறப்பாளை நாலு மரத்தில் இழுத்துக் கட்டினோம், தட்டையாக, மேசைவிரிப்பு மாதிரி. பத்து நிமிஷத்தில் நடுவில் குளம் கட்டித் தொங்கத் தொடங்கியது. கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா எழும்பி வந்தா. ஒரு பக்கக் கயிறு இரண்டையும் அவிழ்த்து இடுப்பளவுக்கு இறக்கிக் கட்டினா. மூலை ஒவ்வொன்றிலும் சின்னக் கல் ஒன்றைத் துணிக்குள் வைத்துச் சுற்றி, அந்தக் குமிழில் கயிற்றைப் போட்டா. "கண்ணில கட்டினா கிழியும்." கயிற்றில் நடுவில் ஒரு துண்டுத் துணியை முடிந்து தொங்கவிட்டா. மழைத்தண்ணி கயிறு வழியே உள்ளே வராமல் துணி வழியே சொட்டும். எனக்கு அப்போதுதான் உறைத்தது. 95 இடப்பெயர்வில் கொடிகாமத்தில் ஒரு மாரி முழுக்க எங்களை ஒரு தறப்பாளின் கீழே காய வைத்தவ அவ.

பிறகு கான் வெட்ட மண்வெட்டி கேட்டா. பூங்காவில் நிலத்தைக் கிண்டக் கூடாது என்று சொல்லி நிற்பாட்டவே பெரும்பாடு.

கூடாரத்துக்கு அடியில் விரிக்கிற தறப்பாள் கூடாரத்தைவிட ஒரு சாண் சிறிதாக இருக்கட்டும், வெளியே நீண்டால் மழைத்தண்ணியை உள்ளுக்கு வாங்கும். கடதாசி விளையாட்டுக் கட்டு ஒன்றும் வை. 304 விளையாடத் தெரியாத பிள்ளைகளை வளர்த்திருக்கிறாய் என்றால் பழக்க அதைவிட நல்ல நேரம் இல்லை.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பத்து மணிக்குப் பிறகு ஸ்பீக்கரை நிற்பாட்டு. ஏரித் தண்ணி சத்தத்தை அக்கரை வரை கொண்டுபோகும். எல்லாம் அடங்கின பிறகு லூன் பறவை கத்தும், நீளமாக, அழுகிறது போல. ஒரு டொலர்க் குற்றியில் 1987 முதல் இருக்கிற பறவைதான். என் மகள் அது காசில் மட்டும் இருக்கிற பறவை என்றுதான் நினைத்திருந்தாள்.

மார்ச் மாதம் வரப்போகிறது. காலை 6:50க்கு அலாரம் வை. எங்களுக்குப் பக்கத்து இடமாகப் பார்த்துப் பதி. தறப்பாள் கட்ட அம்மா வருவா.